மடைக்குளம் அஞ்சலாபீசின் பின்ஜன்னல்

மடைக்குளம் அஞ்சலாபீசுக்கு இரண்டு ஜன்னல்கள் இருந்தன. முன்ஜன்னல் கோயில் தெருவைப் பார்த்தது. பின்ஜன்னல் வாழைத்தோட்டத்தையும், அதற்கு அப்பால் ஓடும் கால்வாயின் கரையையும் பார்த்தது. ஆபீசைப் பார்க்க யார் வந்தாலும் அஞ்சல் மாஸ்டர் பூதலிங்கம் பின்ஜன்னலுக்குத்தான் முதலில் கூட்டிப்போவார். அவருடைய பெருமையெல்லாம் அங்கேதான் இருந்தது.

அஞ்சல் என்பது திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கென்றே இருந்த தபால். சங்கு முத்திரை குத்திய பச்சைப் பெட்டியில் கடிதத்தைப் போட்டால் கொல்லம், பீர்மேடு, கொச்சி வரைக்கும் போகும். மதராசுக்கோ கொழும்புக்கோ எழுத வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழிக்கு நடந்து, அங்கே இந்தியத் தபாலாபீசில் போட வேண்டும். ஒரே சீமையில் இப்படி இரண்டு தபால்கள், ஒன்றையொன்று தொடாமல், இரட்டை மாட்டு வண்டித்தடம்போல ஓடிக்கொண்டிருந்தன. மடைக்குளத்தில் இருந்தது அஞ்சல் மட்டும். அதுவும் பூதலிங்கத்தின் சொந்த வீட்டில், தெருவிலிருந்து தோட்டம் வரை நீண்ட ஓரத்து அறையில்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் காட்டுவிளை. அங்கிருந்தவர்கள் பனையேறிகள், கொத்தனார்கள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மலைத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்கும் இதுதான் ஆபீஸ். கோயிலையும் தெருவையும் எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் காட்டுவிளைக்காரர்கள் கோயில் தெருவில் நடப்பதில்லை. நடந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கால்வாயைத் தாண்டி இந்தக் கரையில் நின்று கூப்பிடுவார்கள். பூதலிங்கம் தோட்டத்தின் வழியாக இறங்கிப் போய், கரையில் கிடந்த துவைகல்லின்மேல் கடிதத்தை வைத்துவிட்டு விலகி நிற்பார். காற்றடித்தால் கடிதம் தண்ணீருக்குள் போகும். மழை பெய்தால் மை கரைந்து, யார் பெயர் என்றே தெரியாது.

கடிதம் கெட்டுப்போவது பூதலிங்கத்துக்குப் பொறுக்காது. நாடு சுதந்திரம் அடைந்த வருஷத்து ஐப்பசி மழையில், பீர்மேட்டிலிருந்து வந்த ஒரு கடிதம் அவர் கண்ணெதிரே கால்வாயில் மிதந்து போனது. அன்றைக்கே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

செய்தது இதுதான். காய்ந்த கமுகு மரங்களை நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருந்த சோற்றைச் சுரண்டி எடுத்தார். கிடைத்த ஓடைகளை ஒன்றோடொன்று பொருத்தி, பின்ஜன்னலிலிருந்து கரை வரைக்கும் கவட்டைக் கம்புகளின்மேல் சாய்வாக நிறுத்தினார். சாய்வுதான் இதில் சூட்சுமம். கூடினால் உள்ளே விட்ட பெட்டி பாய்ந்து போய் அந்தப் பக்கம் விழும். குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும். ஒரு பனையோலைப் பெட்டிக்குள் கூழாங்கல்லைப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, கம்புகளை ஒவ்வொன்றாக நறுக்கிச் சரிசெய்தார். உள்ளே புன்னைக்காய் எண்ணெய் தடவினார். மிச்சமிருந்த பாதி மரங்களை மேலே கவிழ்த்தார்; மழைக்கு மூடி ஆயிற்று. பெட்டியை மேலே இழுக்கக் கயிறு வேண்டும். சாதாரணக் கயிறு ஈரத்தில் உப்பும். ஆகவே கடற்கரையில் வலை பின்னுகிறவர்களிடம் சாயமேற்றிய கயிறு வாங்கி வந்தார். கடைசியாக மணி. முன்பு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரன் கையில் மணிகள் கோத்த கம்பு ஒன்று இருக்கும். பஸ்ஸில் பை வர ஆரம்பித்தபின் அது மூலையில் சும்மா கிடந்தது. அதிலிருந்து மணிகளைக் கழற்றி, ஓடையின் இரண்டு முனையிலும் கட்டினார். கரையில் நிற்பவர் இழுத்தால் ஜன்னலில் மணி அடிக்கும். மாஸ்டர் இழுத்தால் கரையில் அடிக்கும். கார்டு கீழே போகும், காசு மேலே வரும். கூப்பாடு போட வேண்டாம், காத்துக்கிடக்க வேண்டாம், ஒரு கடிதமும் நனையாது.

ஊர் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது. அவர் மைத்துனர் பகவதியப்பன், கோயில் காரியஸ்தர், ஓடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூளைன்னா இது மூளை வே. அவனுவளுக்கும் சௌகரியம், நமக்கும் சௌகரியம்," என்றார். பூதலிங்கம் அந்த வார்த்தையை வெகுநாள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் சித்திரைக்கு முன்னால் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. பச்சைப் பெட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று. சங்கின் மேடு மட்டும் பெயிண்டுக்கு அடியில் தடவினால் தட்டுப்படும். சேர்ந்ததும் இலாகா ஒரு கேள்வி கேட்டது. இரண்டு தபால்களும் தனித்தனியாக இருந்தபோது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆபீஸ் இருந்தது சரி. இப்போது எதற்கு? எந்த ஆபீசில் வரத்தும் போக்கும் போதாதோ அதை மூடிவிடலாம் என்று சொல்லி, அதைப் பார்த்துவர இன்ஸ்பெக்டர்களை அனுப்பியது.

மடைக்குளத்துக்கு வந்தவர் ஞானசிங். மேற்குத் தாலுகாக்காரர், பேச்சு குறைவு. பின்ஜன்னலில் மணியைப் பார்த்து, "இதென்னது மாஸ்டர்?" என்று கேட்டார்.

பூதலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். "சொன்னா விளங்காது சார். ஒரு காரியம் செய்யணும். நீங்க இறங்கிப் போய் அந்தக் கரையில நில்லுங்க. அங்க நின்னாத்தான் இதுக்க சூட்சுமம் தெரியும்."

ஞானசிங் இறங்கிப் போனார். அவருடைய சப்பாத்துகள் சேற்றில் புதைந்தன. பூதலிங்கம் கயிற்றை இழுத்தார். கரையில் மணி அடித்தது. ஒரு கார்டைப் பெட்டிக்குள் வைத்து விட்டார். சர்ரென்று போய்க் கரைமுனையில் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றுப் பாயில் முட்டி நின்றது. இன்ஸ்பெக்டர் கார்டை எடுத்துக்கொண்டு காசைப் போட்டார். பெட்டி மேலே வந்தது. ஜன்னலில் நின்று பூதலிங்கம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

திரும்பி வந்த ஞானசிங் சப்பாத்தை வாசல் கல்லில் தேய்த்தபடி சொன்னார்: "எனக்க அப்பா இப்படித்தான் வெளிய நின்னு கடுதாசி வாங்குவாரு. மேற்க ஒரு ஆபீஸ்ல. அங்க ஓடை கிடையாது. கல்லு. கல்லுல வச்சிட்டு உள்ள போயிருவாவ."

"பாத்தியளா சார்," என்றார் பூதலிங்கம். "கல்லுன்னா மழையில நனையும். காத்துல பறந்துரும். இங்க அந்தத் தொந்தரவே கிடையாது."

இன்ஸ்பெக்டர் மற்றச் சப்பாத்தையும் தேய்த்தார். "கிடையாது," என்றார்.

பிறகு மேஜைக்கு வந்து கணக்கைப் பார்த்தார். "ஒங்க ஆபீசுக்கு வாற கடுதாசியில பாதிக்கு மேல காட்டுவிளைக்கு. ஆனா போறதுல அவங்களுக்கது ஒண்ணுமே இல்லியே. ஆரும் பதில் எழுத மாட்டாவளா?"

"எழுதத் தெரியாதா இருக்கும் சார்."

"அங்க மிஷன் பள்ளிக்கூடம் இருக்கு மாஸ்டர்." தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தை மாசம் பத்தாந் தேதி ஒருக்கா வருவேன். அப்ப போக்கும் சரியா இருந்தா ஆபீஸ் இங்கயே நிக்கும். இல்லேன்னா எனக்கு வேற வழி இல்ல."

செய்தி கோயில் தெருவில் பரவியது. பகவதியப்பன் அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

"ஆபீஸ் போச்சுன்னா பிறவு இந்த ஊருக்கு என்ன மதிப்பு வே? அட்ரஸ்ல ஊர்ப்பேர எழுதி, கீழ ஆரல்வாய்மொழின்னு இன்னொரு ஊருக்க பேரயும் எழுதணும். கேவலம்லா?"

"காட்டுவிளைக்காரங்க இங்க போட்டா நிக்கும்னு சொல்லுகாரு."

"அப்ப போய்ச் சொல்லும். நாலு கடுதாசி போடச் சொல்லும்."

"நானா?"

"பின்ன, நானா போவேன்?"

அப்படித்தான் பூதலிங்கம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கால்வாயைத் தாண்டிக் காட்டுவிளைக்குப் போனார். அங்குள்ள எல்லாருடைய பெயரும் கையெழுத்தும் அவருக்குத் தெரியும். யார் மகன் எந்த எஸ்டேட்டில், யாருக்கு எந்த மாதம் காசு வரும், எல்லாம் தெரியும். முகம்தான் தெரியாது. ஓடை வந்தபின் அவர் பார்த்ததெல்லாம் அதன் முனையில் நீளும் கைகள்தான்.

சத்தியபாயின் வீட்டை விசாரித்துப் போனார். அதிகக் கடிதம் அவளுக்குத்தான் வரும். பலாமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, துணியோரத்தில் வைத்துத் தைக்கிற நூல் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு உருண்டைத் தலையணை. அதில் குத்திய ஊசிகளைச் சுற்றி மரக்குச்சிகளில் சுற்றிய நூல்கள் ஓடின. நடுவில் இருந்த நாற்பது வயதுக்காரிதான் சத்தியபாய் என்று தெரிந்துகொண்டார். அவளை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. இதுவரை மணியடித்தே கூப்பிட்டு வந்திருக்கிறார்.

"இந்தக் குச்சி ஒண்ணோடொண்ணு சிக்காம எப்படி நிக்கி?" என்று பேச்சைத் தொடங்கினார்.

"நாலு குச்சியத் தவிர மிச்சத்த ஒதுக்கி வச்சிருவோம்," என்றாள் சத்தியபாய். "இரிங்க மாஸ்டர். ஏட்டி லீலா, அந்த நாற்காலிய எடு."

அவர் உட்காரவில்லை. "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்," என்று பொய் சொன்னார். பிறகு, "இங்க ஆரும் கடுதாசி எழுதுகது உண்டா?" என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "எழுதாம பின்ன? வாற கடுதாசிக்கெல்லாம் ஆரு பதில் சொல்லுவா?" என்றாள் சத்தியபாய். "சந்தைக்குப் போகும்போது ஆரல்வாய்மொழியில போட்டிருவோம்."

"எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம ஓடை இருக்குல்லா?"

லீலாபாய் தலையைத் தூக்கினாள். "எது, கழனிப்பாத்தியா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. "சும்மா இரி ஏட்டி," என்றாள் சத்தியபாய்.

"அதென்ன பேரு?" என்று பூதலிங்கம் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லீலாபாய் ஊசியை எடுத்து மாற்றிக் குத்தியபடியே சொன்னாள்: "பன்னிக்குக் கழனி ஊத்துத பாத்தி, மாஸ்டரே. மேல நிக்கவ ஊத்துவா. கீழ அது வாயத் தொறந்துட்டு நிக்கும். எங்கள மணியடிச்சும் கூப்பிடுகிய. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

பூதலிங்கத்தின் காதுமடல் சுட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, "முன்ன கல்லுல வச்சா நனஞ்சு போகும். அதனாலயாக்கும் நான்," என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"தெரியும்," என்றாள் சத்தியபாய். அவள் குரலில் கோபமில்லை. "ஒங்க கைவேலைய நாங்க குத்தம் சொல்லல்ல. கல்லு கிடந்தப்ப, இன்னைக்கோ நாளைக்கோ ஆராவது தூக்கிப் போட்டிருவாவன்னு நினச்சிருந்தோம். நீங்க எண்ணெய் தடவி, மூடி போட்டு, இவ்வளவு நேர்த்தியா செஞ்சு வச்சதப் பாத்தப்பதான், இது எடுக்கறதுக்கு வச்சதில்லன்னு தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் ஆரல்வாய்மொழிக்கு நடக்கத் தொடங்கினோம்."

பலா இலை ஒன்று அவள் தலையணையில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "நான் முன்ஜன்னலுக்கு வந்தா கடுதாசி வாங்குவியளா?"

"சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல."

"சட்டத்தக் கேக்கல்ல, மாஸ்டர்."

அவர் கால்விரலால் மண்ணைக் கீறினார். இன்ஸ்பெக்டர் வருகிற நாளையும், அன்றைக்குக் கடிதம் போதாவிட்டால் ஆபீசை மூடிவிடுவார்கள் என்பதையும் சொன்னார். பிறகு, "வாருங்க," என்றார். காட்டுவிளை ஆள் ஒருவரை அவர் மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல் வாயில் புதுச் செருப்புபோலக் கடித்தது.

திரும்பும்போது கரையில் நின்று ஓடையைப் பார்த்தார். கட்டி முடித்தபின் இந்த முனையில் நின்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் இருக்கும் ஆளின் முகம் தெரியவில்லை. மேலே ஒரு இருட்டு ஓட்டையும் அதிலிருந்து இறங்கிவரும் பாத்தியும்தான் தெரிந்தன. இன்ஸ்பெக்டரை இங்கே நிறுத்தி மணியடித்தது ஞாபகம் வந்தது. கல்லைப் பற்றி அவர் சொன்னதும், அதற்குத் தான் சொன்ன பதிலும், கையைத் தூக்கிக் காட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கால்வாயில் இறங்கி முகத்தைக் கழுவினார். கழுவிய பிறகும் சூடு போகவில்லை.

அத்தனைக்கும் பிறகு அவர் ஓடையைப் பிரித்திருக்கலாம். பிரிக்க அரைநாள் வேலை. அதற்குக் கோயில் தெரு என்ன சொல்லும் என்று யோசித்தார். பகவதியப்பன் என்ன சொல்வார் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் மனம் பழகிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. சத்தியபாய் அனுப்புவது ரேந்தைப் பார்சல். பார்சல் இந்த ஓடையில் போகாது. அவர்கள் நடந்து போவதற்கு ஒருவேளை அதுவும் ஒரு காரணமாக இருக்குமோ? இது சரிசெய்யக்கூடிய காரணம். மார்கழி மாதம் முழுவதும் அவர் கமுகை எடுத்துவிட்டுத் தடித்த பனைமரத்தைப் பிளந்து குடைந்துகொண்டிருந்தார். கை வேலையில் இருக்கும்வரை லீலாபாயின் குரல் காதில் விழவில்லை.

தை மாதம் சொன்ன நாளில் ஞானசிங் வந்து மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்ஜன்னல் திறந்திருந்தது. எதிரே கோயில் மதிலோரம் பகவதியப்பன் இரண்டு பேரோடு நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் சத்தியபாய் வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் துணியில் தைத்த பார்சல், தோளில் ஒரு பை. பை நிறையக் கடிதங்கள். காட்டுவிளை முழுவதும் எழுதிக் கொடுத்தனுப்பியது. பார்த்ததுமே பூதலிங்கத்துக்குத் தெரிந்தது, அது போதும். அந்த ஒரு பை போதும், ஆபீஸ் நிற்கும். அவள் நேராக நடந்து ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றாள். அவளை அவ்வளவு பக்கத்தில் அந்த ஜன்னல் பார்த்ததில்லை.

அவர் எழுந்தார். வாங்கக் கையை நீட்டத்தான் எழுந்தார். மதிலோரம் பகவதியப்பன் காறித் துப்பும் சத்தம் கேட்டது. வெற்றிலைச் சாறைத் துப்பினாரோ என்னவோ.

"பின்னால வா, ஏட்டி," என்றது பூதலிங்கத்தின் வாய்.

யோசித்துச் சொன்னதில்லை. எண்ணெய் தடவிய ஓடையில் பெட்டி இறங்குவதுபோலத் தானாக இறங்கிவிட்டது.

சத்தியபாய் அவரைப் பார்த்தாள். பின்பக்கம் போகவில்லை. பையைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு, வந்த தெருவிலேயே, ஓரம் ஒதுங்காமல், வேகமும் கூட்டாமல் திரும்பி நடந்தாள். ஆரல்வாய்மொழிப் பாதையில் அவள் திரும்புவது ஜன்னலிலிருந்து தெரிந்தது.

ஞானசிங் பேனாவை மூடினார். "அந்தப் பார்சல் அந்த ஓடையில போகுமா, மாஸ்டர்?"

"போகும் சார்," என்றார் பூதலிங்கம். "அகலப்படுத்தியிருக்கேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது கைகூப்பினார். அதைப் பார்க்க முடியாமல் பூதலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் ஆபீசை மூடினார்கள். சிவப்புப் பெட்டியை வண்டியில் ஏற்றிப் போனார்கள். பகவதியப்பன் இலாகாவைத் திட்டினார், இன்ஸ்பெக்டரின் மதத்தைத் திட்டினார், காட்டுவிளைக்காரர்களைத் திட்டினார். "நீரு என்ன வே செய்வீரு, ஒம்மால ஆனதெல்லாம் செஞ்சீரு," என்று மைத்துனரைத் தேற்றினார். பூதலிங்கம் தலையாட்டினார். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டதும் அவருக்குப் பிறகு உறுத்தியது.

அடுத்த வருஷம் இலாகா கிளைத் தபாலாபீஸ் ஒன்றைக் காட்டுவிளைப் பள்ளிக்கூடத்தில் திறந்தது. வாத்தியார் நேசையன்தான் போஸ்ட்மாஸ்டர், சத்தியபாயின் தம்பி. மடைக்குளத்துக்கும் அதுதான் ஆபீஸ். கோயில் தெருக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு தேவைக்கு ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். பகவதியப்பனும் போனார். போகாதவர் பூதலிங்கம் மட்டும். திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு எழுதும் கார்டை எடுத்துக்கொண்டு, கால்வாய்க் கரையோடு ஆரல்வாய்மொழி வரைக்கும் நடப்பார். அந்தப் பாதையில் எங்கே நிழல் உண்டு, எந்த இடத்தில் முள், எந்த மதகில் உட்காரலாம் என்பதெல்லாம் அவருக்குப் பழகியது. சந்தைக்குப் போகும் காட்டுவிளைப் பெண்கள் எதிரே வந்தால், "மாஸ்டரே, வெயிலாச்சே," என்பார்கள். அவர் குடையைத் தாழ்த்திக்கொள்வார்.

ஓடை அங்கேயே கிடந்தது. அவர் மனைவி நாகம்மை அதைச் சும்மா விடவில்லை. கரையில் கட்டியிருந்த பசுவுக்கு பின்ஜன்னலிலிருந்தே அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றிவிடுவாள். "நல்ல சாய்வு, ஒரு சொட்டு நிக்காது," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். பின்ஜன்னல் பக்கம் பூதலிங்கம் உட்காருவதை விட்டுவிட்டார்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த கொஞ்ச நாளில், மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மகள் இருக்கும் ஊர் இப்போது வேறு ராஜ்யம். அவளுக்கு உடனே எழுத வேண்டும். பெய்த மழையில் ஆரல்வாய்மொழிப் பாதையில் மதகு உடைந்து கிடந்தது. பூதலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு, கால்வாயைத் தாண்டிக் காட்டுவிளைக்குப் போனார்.

பள்ளிக்கூடத்தின் இறவாரத்தில் ஒதுங்கி நின்றார். சேற்றில் கால். உள்ளே ஏழெட்டுப் பேர். எங்கே நிற்க வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரியாமல் கண் ஏதாவது மணியைத் தேடியது.

நேசையன் பார்த்துவிட்டார். "வெளிய எதுக்கு நனையுதிய? உள்ள வாருங்க."

உள்ளே போனார். ஒரு மேஜை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. கார்டு கேட்டார். நேசையன் எடுத்துக் கையில் கொடுத்தார். காசைக் கையில் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பூதலிங்கம் மேஜைக்கு அடியிலும் பார்த்தார், ஒன்றுமில்லை.

"இருந்து எழுதுங்க," என்று நேசையன் மையையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

உட்கார்ந்தார். மகளின் பெயரை எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினார். சத்தியபாய். கையில் பார்சல். தலையில் நரை கூடியிருந்தது. அவர் பதறி எழப்போனார்.

"இரிங்க மாஸ்டர்," என்றாள் அவள். "எழுதி முடியுங்க. நாங்க நிக்கோம்."

அவர் உட்கார்ந்தார். கார்டின்மேல் குனிந்தார். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.